கடைசி நாளின் பணம் எந்தக் கைக்கு?

வெளிநாட்டுப் பயணத்தின் கடைசி நாள் பலருக்கும் பெட்டி கட்டும் நாள். ஜப்பான் போய்வருபவர்களிடம் இது இன்னும் அதிகம். மிஞ்சிய யென் நோட்டுகளை எண்ணிப் பார்த்து, விமான நிலையக் கடையில் பச்சைத் தேயிலை சாக்லேட்டும் சாவிக்கொத்தும் பூனை பொம்மையும் வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். அந்த நாளை அப்படிக் கரைத்துவிடக் கூடாது. தனியாகப் போகிறவர்கள் கடைசிப் பகலை ஒரு கைவினை ஊருக்கு ஒதுக்க வேண்டும். பொருள் வாங்க வைத்திருக்கும் பணத்தில் பெரும்பகுதியை ஒரே ஒரு பொருளுக்கு, அதைச் செய்தவர்களிடம் போய்ச் சேரும்படி, செலவிட்டுவிட்டு வர வேண்டும்.

இது வெறும் ரசனை சார்ந்த யோசனை அல்ல. 2024ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சம் பேர். இந்தியாவிலிருந்து மட்டும் 2 லட்சத்துக்கு மேல். எல்லோருமாகச் செலவழித்தது 8 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ 30 சதவீதம் கடைகளில் பொருள் வாங்கப் போனது. இன்னொரு பக்கம், அந்நாட்டின் மரபுக் கைவினைத் தொழில்கள் அத்தனையும் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 54,000 கோடி யென் அளவுக்கு உற்பத்தி செய்தன. இன்று 10,000 கோடி யென்னை எட்டுவதே பெரும்பாடு. 3 லட்சத்தை நெருங்கியிருந்த கைவினைஞர் எண்ணிக்கை 60,000 அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதாவது, வெளிநாட்டுப் பயணிகள் ஓராண்டில் கடைகளில் கொட்டும் பணம், ஜப்பானியக் கைவினையின் மொத்த உற்பத்தியைப் போல இருபது மடங்குக்கும் மேல். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி திசை மாறினாலே சில பட்டறைகள் கதவைச் சாத்தாமல் இருக்கும்.

எந்த ஊருக்குப் போவது? கியோத்தோவின் பெயர்தான் முதலில் வாயில் வரும். ஆனால் அங்கே இப்போது கூட்டம் தாங்கவில்லை. கியோன் பகுதியின் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே 2024ல் தடை போட்டுவிட்டார்கள். கடைசி நாளுக்குப் பொருத்தமான ஊர், ஜப்பான் கடலோரம் இருக்கும் கனசாவா. 2015 மார்ச்சில் ஷின்கான்சென் அதிவேக ரயில் அங்கே எட்டியதிலிருந்து தோக்கியோவுக்கு இரண்டரை மணி நேரம்தான். தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் நள்ளிரவை ஒட்டி விமானம் ஏறுபவர், மாலை வரை இந்த ஊரில் நிதானமாக நடந்துவிட்டு ரயில் பிடிக்கலாம். பெரிய பெட்டியை ஓரிரு நாள் முன்னதாகவே கூரியரில் விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டால் தோளில் ஒரு பை போதும். 1976லிருந்து வீட்டுக்கு வீடு நடக்கும் இந்த ‘தக்கியூபின்’ சேவை, தனியாகப் பயணம் செய்பவருக்கு ஜப்பான் தரும் பெரிய வசதிகளில் ஒன்று.

கனசாவா கைவினை ஊரானதற்குப் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது. ஷோகன் என்னும் படைத்தலைவர் நாட்டை ஆண்ட எடோ காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட மாயேதா குடும்பம், அந்த ஷோகனுக்கு அடுத்த நிலையில் செல்வம் படைத்த பிரபுக்கள். பத்து லட்சம் ‘கொக்கு’ (ஜப்பானிய முகத்தல் அளவை) நெல் விளையும் நாடு என்று பெயர். இவ்வளவு பணத்தைப் படைக்கும் ஆயுதத்துக்கும் செலவிட்டால் தலைநகரில் சந்தேகம் எழும். ஆகவே தேநீர்ச் சடங்கு, நோ நாடகம், உலோக வேலை, மரப்பால் பூசும் பூச்சு வேலை என்று செலவிட்டார்கள். கோட்டைக்குள்ளேயே கைவினைஞர்களுக்குத் தனிப் பட்டறை நடந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்த ஊர்மீது குண்டு விழவில்லை என்பதால், பழைய தெருக்களோடு தொழில்களும் தப்பின.

காலையில் கென்ரோகுயென் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். வழக்கமான திறப்பு நேரத்துக்கு முன்பே இலவசமாக உள்ளே நடக்க ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுதான் நல்ல நேரம். 11 ஹெக்டேர் பரப்பில் குளமும் பைன் மரங்களும், ஒரு காலை நீரிலும் மறுகாலைக் கரையிலும் ஊன்றிய கல் விளக்கும். நவம்பர் முதல் தேதியிலிருந்து மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குவார்கள். நடுவே உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து குடைக்கம்பிகளைப் போலக் கயிறுகளை இறக்கி ஒவ்வொரு கிளையையும் தாங்கிப் பிடிப்பார்கள். இந்த ஊர்ப் பனி ஈரம் மிகுந்தது, கனமானது. கயிறு இல்லாவிட்டால் கிளை முறியும். பயணிகள் அழகுக்காகப் படமெடுக்கும் அந்தக் கயிற்றுக் கட்டு தோட்டக்காரர்களின் கைத்தொழில் என்பதைக் கவனித்துவிட்டால், அன்றைய நாளின் மற்றவையும் கண்ணில் படத் தொடங்கும்.

தோட்டத்திலிருந்து நடை தூரத்தில் தேசியக் கைவினை அருங்காட்சியகம். தோக்கியோவில் இருந்த இதை 2020 அக்டோபரில் கனசாவாவுக்கு மாற்றினார்கள். தலைநகரை விட்டு ஒரு தேசிய நிறுவனம் இடம்பெயர்வது ஜப்பானில் எளிதாக நடக்கிற காரியமல்ல. உள்ளே, மாத்சுதா கொன்ரோகுவின் வேலை அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். 1896ல் கனசாவாவில் பிறந்தவர்; பூச்சின்மேல் தங்கத் தூள் தூவிச் சித்திரம் வரையும் ‘மாகியே’ கலையில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய பெயர். 1955ல் நாடு அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ வரிசையில் வைத்துக் கௌரவித்தது. அந்த அறையில் பார்க்க வேண்டியது அதன் அளவை. ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையெட்டும் தூரத்தில் எல்லாக் கருவிகளையும் வைத்துக்கொள்ளும் இடம் மட்டும்தான். கடைக்குப் போகுமுன் இங்கே ஒரு மணி நேரம் நிற்பவருக்கு, நல்ல பூச்சு எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும். வாங்கும் முன் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

ஊர் முழுக்கத் தங்கம் மின்னும். ஜப்பானின் தங்க ரேக்கில் ஏறத்தாழ 99 சதவீதம் இங்கேதான் தயாராகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். மூச்சுக் காற்றுக்கே சுருண்டுவிடும். எடோ ஆட்சியில் ரேக்கு அடிக்கும் உரிமை தலைநகருக்கும் கியோத்தோவுக்கும்தான் இருந்தது. 1808ல் கனசாவாக் கோட்டையின் அரண்மனை எரிந்து, அதைத் திரும்பக் கட்ட ஏராளமான ரேக்கு தேவைப்பட்டபோது இந்த ஊர்க் கைகள் தொழிலைக் கற்றுக்கொண்டன. ஷோகன் ஆட்சி முடிந்ததும் தடையும் போனது. பக்குவப்படுத்திய கையால் செய்த காகிதத் தாள்களுக்கிடையே வைத்து அடிக்கும் பழைய முறையை, மரக் கட்டடக்கலை மரபுகளோடு சேர்த்து 2020ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றியது.

1820ல் உருவான ஹிகாஷி சாயா என்னும் தேநீர் விடுதித் தெருவில் முழு ரேக்கு ஒன்றை அப்படியே போர்த்திய ஐஸ்கிரீம் விற்கிறது. வரிசையில் நின்று வாங்குகிறார்கள். சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ரேக்கடிக்கும் தொழிலை நிலைநிறுத்துவது ஐஸ்கிரீம் அல்ல, கோயில்களும் பீடங்களும் மாகியே வேலைகளும். இன்று விற்கும் ரேக்கில் பெரும்பகுதி, வேலை சுருங்கிய புதிய முறையில் தயாராவது. பழைய முறையில் காகிதத்தைப் பதப்படுத்தவே நாள்கணக்கில் ஆகும். கடையில் நின்று, இது எந்த முறை என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். விற்பவர் முகம் மலர்ந்து விளக்கத் தொடங்கிவிடுவார்.

தனியாகப் போவதன் பலன் இங்கேதான் தெரியும். கைவினைக் கடைகள் சிறியவை. நால்வர் நுழைந்தாலே நெரிசல். குழுவாகப் போனால் ஒருவருக்குப் பசிக்கும், ஒருவருக்கு அடுத்த இடம் பார்க்க வேண்டும், யாராவது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தனியாக வந்தவர் ஒரு கிண்ணத்தைக் கையில் வாங்கி எடை பார்த்து, வைத்துவிட்டு, தெருவைச் சுற்றி மறுபடி வந்து பார்க்கலாம். மொழி தெரியாதது பெரிய தடையில்லை. படமெடுக்குமுன் கண்ணாலேயே அனுமதி கேட்பது, பொருளை இரண்டு கையாலும் எடுப்பது, விலை பேசாமல் இருப்பது ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். பேரம் பேசுவது நம் ஊர்ச் சந்தைகளில் உரையாடலின் ஒரு பகுதி. அங்கே அப்படியல்ல, ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு பலருடைய கூலியைக் கூட்டிப் போட்ட கணக்கு.

மதியத்தில் ஓமிச்சோ சந்தையில் சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே ‘மெபோசோ ஹாச்சிரோபே’ என்ற ஊசிக் கடையை எட்டிப் பார்க்கலாம். 1575ல் தொடங்கியது. நூல் எளிதாக நுழையும் ஊசிக்காதைச் செய்ததற்காகப் பிரபுவே குடும்பப் பெயர் வழங்கிய பரம்பரை. ஊசியோடு, ஆற்று மீன் பிடிக்க இறகு கட்டிய செயற்கைத் தூண்டில் முள்ளும் செய்து வந்தார்கள். இன்று அதே இறகு கட்டும் நுணுக்கத்தில் காதணியும் உடைக்குத்தும் செய்து விற்கிறார்கள். தொழிலின் உள்ளடக்கத்தைக் கைவிடாமல் வாங்குபவர் மாறியதற்கேற்ப மாறிய நேர்மையான உதாரணம் இது. ஒரு கட்டு ஊசி வாங்கினாலும் நல்ல நினைவுப் பொருள்தான்.

எல்லாவற்றையும்விட, இந்தக் கடைசி நாளில் வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது கனசாவாவில் செய்யப்படுவது அல்ல. அதே இஷிகாவா மாகாணத்தின் வடமுனையில், நோட்டோ தீபகற்பத்தில் இருக்கும் வஜிமா என்ற சிற்றூரிலிருந்து வருவது.

2024 ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு விடுமுறை மாலை 4.10 மணிக்கு நோட்டோவை 7.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. அதிலும் அதன் பின்விளைவுகளிலும் இறந்தவர்கள் 500க்கும் மேல். வஜிமாவில் புகழ்பெற்ற காலைச் சந்தைத் தெருவில் தீப்பிடித்து 5 ஹெக்டேர் அளவுக்கு எரிந்து சாம்பலானது. அந்தத் தெருவிலும் அதைச் சுற்றியும்தான் பூச்சுப் பட்டறைகளும் கடைகளும் இருந்தன. மிஞ்சியவர்கள் தற்காலிகப் பட்டறைகளில் வேலையைத் தொடங்கி மூச்சு வாங்குமுன், அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை வெள்ளம் வந்து இன்னொரு முறை அடித்தது. காலைச் சந்தைக்காரர்கள் மார்ச்சிலேயே கனசாவாவுக்கு வந்து, துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் கடை பரப்பினார்கள். ஏப்ரலில் அமெரிக்கா சென்ற அன்றைய பிரதமர் கிஷிடா, அன்றைய அதிபர் பைடனுக்கு வஜிமாக் கோப்பையும் பேனாவும் பரிசளித்தார். உலகத்தின் கவனம் ஒரு நாள் அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் ஒரு பட்டறைக்கு வேண்டியது ஒரு நாள் கவனம் அல்ல, மாதா மாதம் விற்பனை.

வஜிமாப் பூச்சு ஏன் அவ்வளவு விலை என்று கேட்பவர்கள், அது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். மரக் கிண்ணத்தைக் கடைபவர் ஒருவர். அடிப்பூச்சு பூசுபவர் வேறு, தேய்ப்பவர் வேறு, மேல்பூச்சு பூசுபவர் வேறு. தங்கம் தூவுபவரும் உளியால் கீறித் தங்கம் நிரப்புபவரும் தனித்தனி ஆட்கள். எல்லோரையும் இணைத்து வேலை வாங்கி விற்பவரை ‘நுஷியா’ என்பார்கள். விளிம்பு, அடிப்பாகம் போன்ற எளிதில் உடையும் இடங்களில் பூச்சுப் பொருளான உருஷியில் தோய்த்த துணியை ஒட்டுகிறார்கள். அந்த ஊர்ப் பகுதியில் கிடைக்கும் நுண்ணுயிர்ப் படிவ மண்ணைச் சுட்டுப் பொடித்து அடிப்பூச்சில் கலக்கிறார்கள். அந்த மண்தான் வஜிமாப் பாத்திரத்தின் உறுதிக்குக் காரணம். பூச்சு காய்வதற்கு வெயில் உதவாது. ஈரம் மிகுந்த காற்று வேண்டும். ஒவ்வொரு அடுக்காகப் பூசி, ஈரப் பெட்டிக்குள் வைத்து இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, ஒரு கிண்ணம் முடிய ஆறு மாதமும் ஆகும், ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

உருஷி என்பது மரத்தின் பால். ஒரு மரம் பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த பிறகு, ஒரு பருவம் முழுக்கக் கீறிச் சேர்த்தாலும் 200 கிராம்தான் தரும். பிறகு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். ஜப்பான் பயன்படுத்தும் உருஷியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் கைவேலையின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

நிலநடுக்கம் உடைத்தது கட்டடங்களை மட்டுமல்ல, இந்த வேலைப் பிரிவினையையும்தான். கடைசல்காரர் ஒருவர் மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டால், பூசுபவரிடம் திறமை இருந்தும் பூசக் கிண்ணம் இருக்காது. சங்கிலியில் ஒரு கண்ணி போனால் மற்றவர்களும் காத்திருக்க வேண்டியதுதான். கனசாவாவில் ஒருவர் வாங்கும் ஒரு வஜிமாக் கிண்ணம் குறைந்தது ஐந்தாறு பேருக்கு வேலையாகப் பிரிந்து போகிறது. நன்கொடைப் பெட்டியில் போடும் பணத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் வேலை தெரிந்தவர் ஊரிலேயே தங்கி அந்த வேலையைச் செய்யக் காரணமாவது விற்பனைதான்.

தோட்டத்தை ஒட்டிய இஷிகாவா மாகாண விற்பனையகத்திலும் ரயில் நிலைய வளாகக் கடைகளிலும் வஜிமாப் பொருள்கள் கிடைக்கும். கிண்ணத்தின் விலை பல்லாயிரம் யென் வரை போகும், எல்லோராலும் முடியாது. சில ஆயிரம் யென்னுக்கு உண்மையான உருஷி பூசிய உணவுக் குச்சிகள் உண்டு. பத்து மலிவுப் பொருள்களுக்குப் போகும் பணத்தில் அது ஒன்று வாங்கலாம். அதே தோற்றத்தில் பக்கத்திலேயே பிளாஸ்டிக் கிண்ணமும் இருக்கும். ஏமாற வேண்டியதில்லை. ஜப்பானியச் சட்டப்படி, அடிப்பொருள் இயற்கை மரமா செயற்கைப் பிசினா, மேலே பூசியது உருஷியா யூரேத்தேனா என்று சீட்டில் எழுதியாக வேண்டும். கைப்பேசியை அந்தச் சீட்டின்மேல் காட்டினால் மொழிபெயர்ப்புச் செயலி படித்துச் சொல்லிவிடும். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு ஜப்பானியக் கைவினை என்று பெருமைப்படுவோர் நிறையப் பேர்.

1974ல் ஜப்பான் மரபுக் கைவினைகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அரசு அங்கீகாரம் பெற்ற கைவினைகள் இன்று 240க்கு மேல். வஜிமா 1975லேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அங்கீகாரத்துக்கு ஐந்து நிபந்தனைகள் உண்டு: முக்கியப் பகுதி கைவேலையாக இருக்க வேண்டும், உத்தியும் மூலப்பொருளும் நூறாண்டுக்கு மேல் வழக்கில் இருந்தவையாக இருக்க வேண்டும், ஒரே வட்டாரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறையாமல் செய்பவர்கள் இருக்க வேண்டும் என்றெல்லாம் போகும். முதல் நிபந்தனைதான் அருமையானது. பொருள் அன்றாட வாழ்க்கையில் பயன்படுவதாக இருக்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்க அல்ல, ரசமோ கஞ்சியோ ஊற்றிக் குடிக்கத்தான் அந்தக் கிண்ணம். மரம் என்பதால் உள்ளே சூடு நிற்கும், வெளியே கை சுடாது. மிதமான சோப்பு நீரில் கழுவித் துடைத்துவிடலாம். மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் நேர் வெயிலும்தான் ஆகாது.

வரி விஷயத்தில் ஒரு மாற்றம் வருகிறது. இதுவரை 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் கடையிலேயே 10 சதவீத வரியைக் கழித்துக்கொள்ளலாம். 2026 நவம்பர் முதல், வரியோடு பணம் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் உறுதிசெய்த பிறகு திரும்பப் பெற வேண்டும். கடைசி நாளில் வாங்குபவர்கள் விமான நிலையத்தில் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு குறையும் இருக்கிறது. வரிவிலக்கு, உரிமம் பெற்ற கடைகளில்தான் செல்லும். பெரிய அங்காடிக்கு அது சாதாரணக் காரியம், கணவனும் மனைவியுமாக நடத்தும் பட்டறைக்கு அல்ல. தொழிற்சாலைப் பொருளுக்கு 10 சதவீதம் குறைவு, கைப்பொருளுக்கு முழு விலை என்றால் பயணி எந்தப் பக்கம் சாய்வார்? இஷிகாவா மாகாணமும் ஜப்பான் அரசும், சிறு பட்டறைகள் ஒரே பதிவின் கீழ் கூட்டாக விற்க வழி செய்ய வேண்டும்.

கடைக்காரர்களிடமும் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. கனசாவாவில் 1989லிருந்து உதாட்சுயாமா குன்றின்மேல் ஒரு கைவினைப் பட்டறையை நகராட்சியே நடத்துகிறது. மண்பாண்டம், பூச்சு, சாயம், உலோகம், கண்ணாடி ஆகிய ஐந்து துறைகளில் இளைஞர்கள் பயிற்சி பெறுகிறார்கள். வஜிமாவில் மாகாண அரசின் பூச்சுப் பயிற்சி நிலையம் 1967லிருந்து இருக்கிறது. அங்கே பயின்று வெளியே வருபவர்களின் பெயர் கடையில் ஒட்டிய சீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. பட்டறையின் பெயரோடு நின்றுவிடுகிறது. கடைந்தவர், பூசியவர், தேய்த்தவர் பெயர்களை ஆங்கிலத்திலும் அச்சிட்டு ஒரு சிறு அட்டையைக் கிண்ணத்தோடு வைத்தால் என்ன? வஜிமாவில், தாங்கள் விற்ற கிண்ணம் தேய்ந்தோ விளிம்பு சிதைந்தோ வந்தால் மறுபூச்சு போட்டுத் தரும் வழக்கம் இன்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் எவ்வளவு ஆகும், எந்த முகவரிக்கு, எத்தனை மாதம் பிடிக்கும் என்பதையும் அந்த அட்டையின் பின்புறத்தில் போட்டுவிடலாம்.